கடன் அறிந்த கலை

விஜய் ஐயர் என்னும் பியானோக் கலைஞரைப் பற்றி ஒலுவிலிலிருந்து வெளிவரும் ஒரு சிற்றிதழ் தன் தலையங்கத்தில் எழுதப் புகுவது, பியானோவைத் திரைப்படத்திலன்றி நேரிற் கண்டிராத வாசகர் பலர் வாழும் இந்தக் கரையோரத்தில், பொருத்தமற்ற காரியமாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்க மண்ணிற் பிறந்து, அந்நாட்டுக் கறுப்பின மக்கள் தம் துயரத்தாலும் மேதையாலும் ஆக்கிய ஜாஸ் சங்கீதத்தைக் கற்று, அதிலே முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் வித்வானாகவும் குழுத்தலைவராகவும் உயர்ந்த பின்னரும், அச்சங்கீதம் தமக்குப் பிறரால் அளிக்கப்பட்டது என்பதை மறவாதிருக்கும் அவருடைய வாழ்க்கையை, சமூக அடையாளம் குறித்து ஓயாமற் பேசிவரும் நாம் ஆற அமர இருந்து சிந்திப்பது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிற் பிறந்து, அம்மாநிலத்தின் ஃபேர்போர்ட் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், 3 வயதிற் கையில் எடுத்த வயலினை 15 ஆண்டுகள் மேற்கத்திய சம்பிரதாயப்படி முறையாகப் பயின்றார். பியானோவையோ காதையே குருவாகக் கொண்டு தாமாகவே கற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தார். (அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னப்பட்டணத்துக் கோட்டையின் ஆளுநராக இருந்து பெருஞ்செல்வம் திரட்டியவர் என்பதைத் தமிழ் வாசகர் இங்கே நினைவுகூர்தல் தகும்.) பின்னர், பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெறும் நோக்கத்துடன் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அந்த இளைஞர், பகலில் ஆய்வும் இரவில் அப்பகுதியின் இசையரங்குகளுமாகக் காலங்கழித்துக்கொண்டிருந்தபோது, சாக்ஸபோன் வித்வான் ஸ்டீவ் கோல்மனின் கண்ணிற் பட்டார். 1995இல் கோல்மனின் குழுவோடு அவர் புறப்பட்ட சங்கீத யாத்திரையே பௌதிகத்துக்கு அவர் சொன்ன விடையாயிற்று. அவ்வாண்டிலேயே, ஆசிய வமிசத்து இசைஞர்கள் தமக்கெனத் தாமே தொடங்கி நடத்திய ஒரு சிறு வெளியீட்டகத்திலிருந்து அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பெரிய நிறுவனங்களின் வாசலிற் காத்துக் கிடக்காமல் தம் குரலைத் தாமே அச்சேற்றிக்கொள்ளும் அந்தத் துணிவைச் சிற்றிதழ் நடத்துவோர் எவரும் உடனே இனங்கண்டுகொள்வர்.

பல்கலைக்கழகத்தை அவர் முற்றாகத் துறந்துவிடவில்லை. 1998இல் அவர் பெற்ற கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வு, ஆபிரிக்க, ஆபிரிக்க-அமெரிக்க சங்கீதங்களின் லயம் மனிதருடைய தேகத்தோடு கொண்ட சம்பந்தத்தை ஆராய்வது. லயம் என்பதை ஏட்டில் எழுதிய கணக்காக மட்டும் கருதுதல் போதாது. நடை, மூச்சு, பேச்சு ஆகிய தேகத்தின் இயக்கங்களிலிருந்தே அது பிறக்கிறது. கேட்பவனும் தன்னையறியாமல் அவ்வியக்கங்களைத் தன்னுள் நிகழ்த்திக்கொண்டே கேட்கிறான். கணக்குப்படி விழவேண்டிய கணத்துக்குச் செக்கனின் மிகச் சிறிய பின்னமளவு பிந்தி ஓர் அடி விழுமாயின், அந்தப் பிந்துதலிலேதான் வாசிப்பவனுடைய உயிர்ப்பு வெளிப்படுகிறது என்பன அவ்வாய்விற் காணும் கருத்துகளின் சாரம். இதனை விளங்கிக்கொள்ள நமக்குப் பியானோ வேண்டியதில்லை. நம் ஊர்களிற் பொல்லடி ஆடுவோர் வட்டமாய் நின்று, அண்ணாவியாரின் பாட்டுக்கு இசைய முன்னும் பின்னும் பெயர்ந்து, ஒருவர் பொல்லில் மற்றவர் பொல் படும்படி அடிக்கும் அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர்கள், கூட்டமாக ஆடும் தேகங்களின் சம்மதத்தில் மட்டுமே தாளம் என்று ஒன்று உண்டாகிறது என்பதை எந்த ஆய்வும் இன்றியே அறிவர்.

கணக்கையும் அவர் கைவிட்டாரில்லை. ரொனி ஃபொஸ்டர் என்னும் கறுப்பினக் கலைஞரின் பழைய உருப்படி ஒன்றை 2009ஆம் ஆண்டு இசைத்தட்டில் எடுத்தாண்டபோது, 3, 5, 8, 13 என ஒவ்வோர் எண்ணும் முந்திய இரண்டின் கூட்டுத்தொகையாய் வளரும் வரிசையைக் கொண்டு அதன் தாளத்தைப் பின்னினார். ஐரோப்பியர் இத்தாலியக் கணிதர் ஒருவருடைய பெயரால் வழங்கும் இவ்வெண்வரிசை, குறிலும் நெடிலும் சேர்ந்து எத்தனை சந்தங்கள் ஆகும் என்று எண்ணிப் பார்த்த ஹேமச்சந்திரர் முதலிய வடமொழி யாப்பியலாருக்கு அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. கருநாடக சங்கீதத்தின் தாளப் பிரிவுகளும் இவ்வாறே அவருடைய வாசிப்பில் உள்ளுறையாய் ஓடுகின்றன. அவற்றை அவர் விருந்தினருக்குக் காட்டும் ஆபரணமாக எடுத்து அணிவதில்லை. இந்தியப் பெயருடைய கலைஞனிடமிருந்து தம்பூரா ஒலியையும் ஊதுவத்தி மணத்தையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அவருடைய அரங்கில் ஏமாற்றமே கிட்டியிருக்கும். கிற்றார் வித்வான் பிரசன்னாவோடும் தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடும் கூடி 2011இல் அவர் வெளியிட்ட ‘தீர்த்த’ என்னும் இசைத்தட்டிற்கூட, மூவரும் சமானமான மூன்று சிந்தனையாளராய் உரையாடுகிறார்களேயன்றி, ஒருவர் மற்றவருக்கு அலங்காரமாக நிற்பதில்லை.

பரிசுகளைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. ஜாஸ் உலகின் பிரதான சஞ்சிகையாகிய டவுன்பீட் 2012இல் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 5 பிரிவுகளில் அவர் ஒருவரே முதன்மை பெற்றார். 2013இல் மக்ஆர்தர் நிதியம் அவரைக் கௌரவித்தது. 2014 முதல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர். குழுத்தலைவர் என்ற முறையில், ஸ்டீபன் கிரம்ப், மார்க்கஸ் கில்மோர் ஆகிய இருவரோடு நெடுங்காலம் நடத்திய மூவர் குழுவும், 2017இல் வெளிவந்த இசைத்தட்டின் அறுவர் குழுவுமே அவருடைய கீர்த்திக்கு ஆதாரமானவை. அவற்றிற் பியானோ முன்னே நின்று ஏனையோரை ஏவுவதாக இராது. சில வேளைகளில் நெடும்பொழுது பின்வாங்கி, மத்தளக்காரரின் கைக்கு வழிவிட்டு, உரிய தருணத்தில் ஓர் அழுத்தமான சுரக்கூட்டால் முழுக் குழுவையும் வேறு திசைக்குத் திருப்பிவிடும்.

நாம் தரித்து நின்று பேச விரும்புவது, மைக் லாட் என்னும் கவிஞரோடு சேர்ந்து அவர் இயற்றிய மூன்று பெரும் படைப்புகளைக் குறித்தே. 2001ஆம் ஆண்டு, ஈரானியத் திரைப்பட நெறியாளர் ஜாபர் பனாஹி, ஒரு விழாவிலிருந்து மற்றொரு விழாவுக்குச் செல்லும் வழியில் நியூயோர்க் விமான நிலையத்தில் விமானம் மாறக் காத்திருந்தவர், கைரேகை கொடுக்க மறுத்த குற்றத்துக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, விலங்கிடப்பட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார். அது இரட்டைக் கோபுரங்கள் வீழ்வதற்குச் சில மாதங்கள் முந்திய சம்பவம் என்பது கவனிக்கத்தக்கது. தாம் கள்வனல்லர், ஒரு கலைஞர் என்பதைத் தம்மை உற்று நோக்கிய சகபயணிகளுக்கு எந்த மொழியிற் சொல்வது என்று அவர் பின்னர் எழுதிய கடிதத்தில் வினவிய வினாவே, 2003இல் அரங்கேறிய முதற் படைப்புக்குப் பெயராயிற்று. விமான நிலையங்களிற் சந்தேகத்துக்குள்ளாகும் கபில நிறத்து, கறுப்பு நிறத்து மனிதர்களும், அங்கேயே கூலிக்கு உழைப்பவர்களும், அடைக்கலம் கோரி நிற்பவர்களும் ஒருவர் பின் ஒருவராய் அதிற் பேசுகிறார்கள். பியானோ அவர்களுடைய பேச்சின் நடையைப் பின்தொடர்கிறது. அக்கரைப்பற்றிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் மத்திய கிழக்குக்குப் பிழைப்புத் தேடிப் போன வாப்பாமாரும் உம்மாமாரும், கட்டுநாயக்காவிலும் அதற்கப்பாலும், பெயரைக் கேட்டவுடன் முகம் மாறும் அதிகாரிகளின் முன்னே கடவுச்சீட்டை நீட்டியபடி நின்ற நிலையை அறிந்த எந்த வீட்டுக்கும், இந்தப் படைப்பு அந்நியமானதன்று. நம் எழுத்தாளர் வெளிநாட்டு வாழ்வின் பிரிவை எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தை இன்னும் போதிய அளவு எழுதினார்களில்லை.

யுத்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் நுகர்ந்து மரத்துப்போகும் மனத்தைக் குறித்த இரண்டாவது படைப்பைக் காட்டிலும், 2013இல் இசைத்தட்டாக வெளிவந்த மூன்றாவது நம்மை அதிகம் ஈர்க்கிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய, வெள்ளையரல்லாத அமெரிக்கப் படையினரின் கனவுகளைச் சேகரித்து அமைத்தது அது. ஈராக்கிற் காலாளாய் நின்ற மொரிஸ் டெகாலும், நெவாடாப் பாலைவனத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து தூரதேசத்தின் மேல் ஆளில்லா விமானத்தை இயக்கிய லின் ஹில் என்னும் பெண்மணியும் தம் கனவுகளைத் தாமே வாசிக்கிறார்கள். அப்போரை நாம் எக்காலத்தும் நியாயமென்று கொள்ளோம். ஆனால், போரில் ஏவப்பட்டவனுடைய உறக்கத்துக்குள் புகுந்து அங்கே கிடப்பதைச் செவிகொடுத்துக் கேட்கும் கலையொழுக்கம், முப்பதாண்டு யுத்தத்தின் பின்னர் ஒவ்வொரு சமூகமும் தன் இழப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும் கிழக்கு மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பதை மனவேதனையுடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தகைய படைப்புகளுக்கு மூலமாக அவரிடத்தே இருப்பது ஒரு சரித்திர உணர்வு. ஆசிய நாட்டுப் படித்த மக்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். அச்சட்டம் நிறைவேறும் சூழலை உண்டாக்கியது, கறுப்பின மக்கள் தடியடியும் சிறையும் பட்டு நடத்திய சிவில் உரிமைப் போராட்டம். ஆகவே, அங்கே குடியேறித் தழைத்த இந்தியக் குடும்பங்களின் பிழைப்பு அம்மக்களுக்குக் கடன்பட்டது. ஜாஸ் சங்கீதத்தையும் அவர்களிடமே பெற்ற ஐயருடைய கடன் இரட்டிப்பானது. 2014இல் யேலில் ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரையில், வெற்றி பெற்ற நம்மவர் அமெரிக்காவின் அநீதிகளுக்கு எவ்வளவு தூரம் உடந்தையாகிறோம் என்று முகத்துக்கு நேரே கேட்டார். வாழ்த்துரை கேட்க வந்திருந்த சபையில் அவ்வாறு பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பொலிஸாரின் கொடுமைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டில், அவர்களுக்கு ஆதரவாக ஓர் உருப்படியையும் இயற்றினார். தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன், அண்ட்ரூ ஹில், அஹ்மத் ஜமால் என்று தம் முன்னோரின் பெயர்களை அவர் இடையறாது சொல்லிவருகிறார். 1930இல் பிட்ஸ்பேர்க்கிற் பிறந்து, இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி, மௌனத்தையும் ஒரு சுரமாக்கி வாசித்து, 2023இல் மறைந்த அஹ்மத் ஜமாலைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதுவது இவ்விதழின் கடமை. அதே 2023இல், பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அஃப்தாபின் உருதுக் குரலோடும் ஷாஸாத் இஸ்மாயிலியின் வாத்தியங்களோடும் தம் பியானோவை இணைத்து ஐயர் வெளியிட்ட இசைத்தட்டு, உபகண்டத்தின் எல்லைக்கோடுகளைக் குறித்து ஒரு சொல்லும் பேசாமலே அவற்றைக் கடந்து நிற்கிறது.

நமக்கும் இவ்வாறான கடன்கள் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவியும் தாலாட்டும் பொல்லடிப் பாட்டும் நம் தனித்துவத்தின் சான்றுகளென மேடைதோறும் முழங்கப்படுகின்றன. அவை தனித்துவமுடையன என்பதில் ஐயமில்லை. எனினும், அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களின் கவிப் பாடல்களோடு நம் கவிகள் பகிர்ந்துகொள்ளும் மொழியையும் மெட்டையும் எவரும் சொல்வதில்லை; அவற்றை நெஞ்சிற் சுமந்து காத்த மூத்தம்மாமாரின் பெயரையும் அண்ணாவியாரின் பெயரையும் பெரும்பாலான தொகுப்புகள் அச்சிடுவதில்லை. நாட்டார் பாடல் என்னும் பொதுத்தலைப்பின் கீழே, பாடியவர் மறைந்து தொகுத்தவர் மட்டும் நிலைக்கிறார்.

ஆதலால் அடுத்த இதழ் முதற்கொண்டு இவ்விதழில் வெளிவரும் ஒவ்வொரு நாட்டார் பாடலோடும், பாடியவர் இசைந்தால் அவர் பெயர், ஊர், அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், எந்தச் சந்தர்ப்பத்திற் பாடப்பட்டது ஆகிய விவரங்களும் சேர்த்தே அச்சிடப்படும். பாடல் அனுப்பும் அன்பர்கள் இவ்விவரங்களைக் கேட்டறிந்து எழுதி அனுப்ப வேண்டுகிறோம். அயற் கிராமத்தவரிடம் கற்ற பாடலாயின் அதையும் மறைக்காது குறிப்பிடுக. அத்தகைய பாடல்களுக்கே முதலிடம் தரப்படும்.