சான்றிதழும் இருக்கிறது, புகையும் இருக்கிறது

கிளிநொச்சியின் கரடிப்போக்குச் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு உருத்திரபுரம் பக்கம் திரும்பியதும், முன்னால் மணல் டிப்பர் போகிறதென்றால் கண்ணுக்கு முன்னம் மூக்குக்குத் தெரிந்துவிடும். முதலில் கறுப்புப் புகை வரும். அது கலைவதற்குள் மண்தூள் வரும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு காலை ஊன்றி, சட்டைக் கொலரால் வாயைப் பொத்திக்கொண்டு, புகை அடங்கும்வரை கரையில் நிற்கும். காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மூன்று தடவை இப்படி நின்றால் மணி அடித்தபிறகுதான் வாசலுக்குப் போகலாம். மாசி, பங்குனியில் காலபோக நெல்லை றோட்டுக் கரையில் பரவிக் காயப்போடுகிறவர்களுக்கு இன்னொரு கரைச்சல். பின்னேரம் நெல்லைக் குவிக்கும்போது உள்ளங்கை கரிச்சட்டி துடைத்ததுபோல இருக்கும்.

போன மாதம் தேநீர்க் கடையடியில் நின்ற ஒரு டிப்பரின் சாரதியிடம் கேட்டேன். “தம்பி, இந்தப் புகையோட எப்படி எமிஷன் பாஸ் பண்ணினனீங்கள்?”

தம்பி கோபிக்கவில்லை. முன்பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்து நீட்டினான். “எல்லாம் கிளியர் அண்ணை. திகதியைப் பாருங்கோ.”

பார்த்தேன். திகதி சரி. வாகன இலக்கமும் சரி. அவன் பொய் சொல்லவில்லை. அந்த டிப்பர் உண்மையிலேயே பரிசோதனைக்குப் போய்த் தேறியிருக்கிறது. இந்த ஊர்ப் பிரச்சினையின் முடிச்சு அந்த உண்மைக்குள்தான் கிடக்கிறது.

வாகனப் புகைப் பரிசோதனை இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது எங்கள் வானத்தில் வேறு புகை. நாங்கள் மீளக்குடியமர்ந்து, லொறிகள் வாங்கி, அனுமதிப்பத்திர வரிசையில் நின்ற பிறகுதான் இந்தச் சான்றிதழ் எங்களுக்கு அறிமுகமானது. இன்று அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. லொறி, டிப்பர் என்றால் வருடாந்தத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். கடதாசியளவில் குறையொன்றும் இல்லை.

பரிசோதனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, அக்ஸிலேட்டரைச் சட்டென்று அடிவரை மிதிப்பார்கள். சைலன்சர் வாயில் செருகிய குழாய் புகையை இழுக்கும். கருவிக்குள் ஒரு விளக்கின் ஒளி அந்தப் புகையை ஊடறுத்துப் போகும். எவ்வளவு ஒளி மறைகிறதோ அதுதான் அளவு. சில தடவை மிதித்துச் சராசரி எடுப்பார்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் குறித்த எல்லைக்குள் நின்றால் பாஸ்.

டிப்பர் அப்போது வெறும் வண்டி. முதுகில் ஒரு பிடி மணல் இல்லை. ஒரு கியூப் மணல், அதாவது நூறு கன அடி, ஏறத்தாழ நாலரைத் தொன் வரும். ஈரமென்றால் அதற்கும் மேல். மூன்று கியூப் பெட்டிக்குப் பக்கப் பலகையை ஓரடி உயர்த்திவிட்டு நிறைத்துக்கொண்டு ஓடும்போது அந்த எஞ்சின் குடிக்கிற டீசல் வேறு, விடுகிற மூச்சு வேறு. வருடத்தில் ஒருநாள், சுமையில்லாமல், நியூட்ரலில் நின்று விட்ட மூச்சுக்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டித்தான் மிச்ச நாளெல்லாம் ஓட்டம் நடக்கிறது.

அந்த ஒருநாளையும் சமாளிக்க வழியிருக்கிறது. இது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. டீசல் பம்பில் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்குரூ உண்டு. கூட்டினால் இழுவை வரும். எரியாத டீசல் கரியாக வெளியே வரும். பரிசோதனைக்கு முதல்நாள் குறைத்து, எயர் பில்டரைத் தட்டிக் கொண்டுபோனால் அளவு இறங்கிவிடும். வந்த கையோடு திரும்ப ஏற்றிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணை சொன்னார்: “இறக்கிறதுக்கும் ஏத்திறதுக்கும் ஒரே கூலிதான் வாங்கிறனான். ரெண்டுக்கும் ஒரே ஸ்குரூ ட்ரைவர்.”

அவரைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வன்னி மெக்கானிக்கின் கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று எங்களுக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கை அது. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய வித்தை எந்தக் கொம்பனிக் கையேட்டிலும் இல்லை. அன்று அந்தப் புகையைக் குடித்தது உயிர் தப்ப. இன்று குடிப்பது ஒரு நடைக்கு அரைக் கியூப் கூட ஏற்றுவதற்காக.

மண்ணெண்ணெயைச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதோடு பெரும்பாலும் விட்டுப்போயிற்று. விலையால் தானாக நடந்த ஒரே திருத்தம் அதுதான்.

புதிய லொறி வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி பரவலாகத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய லொறிதான் தங்கம். வந்த ஜப்பான் லொறிகளிலும் இன்னொரு சிக்கல். புதிய ரகங்களின் சைலன்சருக்குள் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. கந்தகம் கூடிய எங்கள் சாதாரண டீசலுக்கு அது ஒத்துவராமல் அடைத்துக்கொள்ளும். புதிது போடக் காசில்லை. கராஜில் வெட்டி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, வெறும் குழாயாக ஒட்டி அனுப்புகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒளியை மறைக்கும் அளவை மட்டும் பார்க்கிற கருவிக்கும் பெரும்பாலும் தெரியாது.

இந்தக் குருட்டுத்தனம் எங்களுக்கு மட்டுமானதல்ல. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்தாண்டுக்குள் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றியிருந்தார்கள். நெதர்லாந்தும் ஜேர்மனியும் பழைய ஒளிக் கருவியை நம்பிப் பயனில்லை என்று கண்டு, 2023 இலிருந்து வடிகட்டி பூட்டிய டீசல் வாகனங்களின் புகையில் நுண்துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இலேயே முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது. அந்த வகுப்பில் சிகரெட் புகையும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் சிகரெட் பற்றினால் ஏசுகிற ஊர் இது.

நெதர்லாந்தின் கருவி நாளைக்கே கிளிநொச்சிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருப்பதை இடம் மாற்றினாலே பாதி வேலை முடியும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பொலிஸாரோடு சேர்ந்து வீதியோரத்தில் வாகனங்களை மறித்துப் புகை பார்க்கிற வழக்கம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. அந்தக் குழு மாதத்தில் இரண்டு காலை, அறிவிக்காமல், கரடிப்போக்குச் சந்திக்கு வரட்டும். மணலோடு வருகிற டிப்பரை மணலோடேயே மறித்துப் பார்க்கட்டும். உயர்த்திய பலகையும் அப்போதே கண்ணில் படும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று சொல்லி பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்ற முடிந்த பொலிஸாருக்கு, ஓரடிப் பலகையைக் காண்பது கஷ்டமாக இராது.

தவறிய வாகனத்தின் தண்டப்பணத்தை முதலாளி ஒரு நடையில் உழைத்துவிடுவார். அதனால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் கொடுக்கிற மணல் அனுமதியோடு இதைக் கட்டவேண்டும். திருத்திக் காட்டும்வரை அந்த இலக்கத்துக்கு மணல் இல்லை என்று வந்தால், ஸ்குரூ தானாக இறங்கும். முதல் தடவை தவறியவருக்கு இரண்டு கிழமை தவணை கொடுக்கலாம். பல டிப்பர்கள் லீசிங்கில் ஓடுகின்றன, நடைக்குக் கூலி வாங்குகிற சாரதியின் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் இந்த வீதியில் டிப்பர் ஓடக்கூடாது என்று கேட்பது யாருடைய பிழைப்பையும் கெடுக்காது. கரைச்சிப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் இதை எடுக்கவேண்டும். மகஜர் எழுதியாயிற்று; பெற்றோர் கையெழுத்து வைக்கிறார்கள்.

இன்னொன்று மலிவானது. பரிசோதனை முடிந்ததும் பம்பு ஸ்குரூவில் கம்பி கோர்த்து ஈயச் சீல் அடித்து, அதன் இலக்கத்தைச் சான்றிதழில் எழுதவேண்டும். கடையில் தராசுக்கு அடிக்கிற சீல் மாதிரித்தான். வீதியில் மறிக்கிற உத்தியோகத்தர் பொனற்றைத் திறந்து இலக்கத்தை ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

இதை அந்த மெக்கானிக் அண்ணையிடம் சொல்லிப் பார்த்தேன். கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார்.

“சீல் இருந்தா நான் தொடமாட்டன். இப்ப ஆர் திருப்பினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சீலை வெட்டினா, வெட்டின கராஜைத் தேடி வருவாங்கள் எல்லே.”