193 புள்ளி எடுத்தவர் தோற்றார், 192 எடுத்தவர் ஜெயித்தார்: அல்கராஸ் - சின்னர் மோதல், ஃபெடரர் - நடால் காலத்துக்கு ஈடாகுமா?

2025 ஜூன் 8, பாரிஸ். பிரெஞ்ச் ஓபன் ஆண்கள் ஒற்றையர் இறுதிப்போட்டி. இத்தாலியின் யானிக் சின்னர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 193. ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ் எடுத்தது 192. ஆனால் கோப்பையைத் தூக்கியது அல்கராஸ்!

இந்திய நேரப்படி மாலையில் தொடங்கிய ஆட்டம் 5 மணி 29 நிமிடம் ஓடி நள்ளிரவில்தான் முடிந்தது. பிரெஞ்ச் ஓபன் வரலாற்றிலேயே நீளமான இறுதிப்போட்டி இதுதான். ஆட்டம் முடிந்ததும் டென்னிஸ் ரசிகர்களிடையே பழைய சண்டை மறுபடி கிளம்பிவிட்டது. ஃபெடரர் - நடால் மோதலுக்கு இது ஈடாகுமா? நடால் - ஜோகோவிச் அளவுக்கு வருமா? இல்லை, சும்மா ஊதிப் பெருக்குகிறோமா?

ரசிகர்கள் வழக்கமாகக் கையில் எடுக்கும் ஆயுதம் நேருக்கு நேர் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். எப்படி என்று பார்ப்போம்.

அதிக புள்ளி எடுத்தும் தோற்பது எப்படி?

கிரிக்கெட்டில் ஒரு ரன் அதிகம் எடுத்தால் வெற்றி. டென்னிஸ் அப்படி இல்லை. புள்ளிகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து மேட்ச். ஒரு செட்டை 6-0 என்று ஜெயித்தாலும் 7-6 என்று ஜெயித்தாலும் கணக்கில் அது ஒரு செட்தான். அதனால் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பதை விட, எந்தப் புள்ளியை எடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

பாரிஸில் நடந்தது இதுதான். முதல் இரண்டு செட்களையும் சின்னர் ஜெயித்தார். நான்காவது செட்டில் 5-3 என முன்னிலை. அல்கராஸ் சர்வீஸில் 0-40. அதாவது மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்கள். ஒன்றை எடுத்தாலும் கோப்பை சின்னருக்கு. மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். அந்த செட்டை டை பிரேக்கரில் பிடித்தார். ஐந்தாவது செட் டை பிரேக்கரை 10-2 என்று தூக்கினார். இரண்டு செட் பின்தங்கிய நிலையில் இருந்து ஒரு மேட்சை அவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

இதே வலியை 2019 விம்பிள்டன் இறுதிப்போட்டியில் ஃபெடரர் ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள். ஃபெடரர் எடுத்தது 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வீஸும் ஃபெடரர் கையில். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்களும் கைநழுவின. 4 மணி 57 நிமிட ஆட்டத்தில் ஜெயித்த மூன்று செட்களையும் டை பிரேக்கரில்தான் ஜெயித்தார் ஜோகோவிச்.

நேருக்கு நேர் கணக்கு என்ன சொல்கிறது?

மூவர் காலத்துக் கணக்கு இது:

ஃபெடரர் - நடால்: 40 ஆட்டங்கள். நடால் 24, ஃபெடரர் 16.

ஃபெடரர் - ஜோகோவிச்: 50 ஆட்டங்கள். ஜோகோவிச் 27, ஃபெடரர் 23.

நடால் - ஜோகோவிச்: 60 ஆட்டங்கள். ஜோகோவிச் 31, நடால் 29.

அல்கராஸ் - சின்னர் கணக்கு 2025 சீசன் முடிவில் 16 ஆட்டங்கள். அல்கராஸ் 10, சின்னர் 6.

இதை மட்டும் பார்த்தால் நடால் ஃபெடரரை ஊதித் தள்ளிவிட்டார் என்று தோன்றும். ஆனால் தரையைப் பிரித்துப் பாருங்கள். களிமண் தரையில் நடால் 14-2 என்று முன்னிலை. புல்தரையில் ஃபெடரர் 3-1. ஹார்டு கோர்ட்டிலும் ஃபெடரர் 11-9. அதாவது மொத்த வித்தியாசத்தையும் உண்டாக்கியது களிமண் தரைதான். பிரெஞ்ச் ஓபனை 14 முறை வென்ற ஒருவரை, அவருடைய சொந்தத் தரையில் அடிக்கடி சந்தித்ததுதான் ஃபெடரர் செய்த 'தப்பு'. களிமண் தரையில் சீக்கிரமே தோற்று வெளியேறி இருந்தால் அவருடைய கணக்கு இன்னும் அழகாக இருந்திருக்கும்! நன்றாக ஆடி இறுதிவரை வந்ததாலேயே ஒருவரின் கணக்கு மோசமாகிறது என்றால், அந்தக் கணக்கை வைத்து மட்டும் ஆளை எடை போடுவது நியாயமா?

வயதும் இருக்கிறது. ஃபெடரர் பிறந்தது 1981, நடால் 1986, ஜோகோவிச் 1987. நடாலும் ஜோகோவிச்சும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். அதனால் அவர்களின் 31-29 என்ற கணக்கில் வயது பெரிய சாக்காக இருக்க முடியாது. சின்னர் 2001, அல்கராஸ் 2003. இங்கேயும் அந்தச் சாக்கு எடுபடாது.

நல்ல மோதல் என்றால் என்ன?

ஒரு ரசிகரின் பார்வையில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எதிராளியால் ஒருவரின் ஆட்டமே மாற வேண்டும்.

இடதுகை ஆட்டக்காரரான நடாலின் டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட், களிமண் தரையில் எகிறி ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்தில் போகும். பல வருஷம் ஃபெடரரிடம் இதற்குச் சரியான பதில் இல்லை. பிறகு பெரிய தலை கொண்ட ராக்கெட்டுக்கு மாறினார். பந்து எகிறுவதற்கு முன்பே பேக்ஹேண்டில் அடிக்கத் தொடங்கினார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப்போட்டியில் ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கி, அடுத்த ஐந்து கேம்களையும் தொடர்ச்சியாக எடுத்தார். அப்போது அவருக்கு வயது 35. அந்த ஒரே வருஷத்தில் நடாலை நான்கு முறை வென்றார்.

அதே டாப்ஸ்பின்னுக்கு ஜோகோவிச் வேறு பதில் வைத்திருந்தார். அது அவரது இரட்டைக் கை பேக்ஹேண்ட். 2011-ல் தொடங்கி 2012 ஆஸ்திரேலிய ஓபன் வரை நடாலை ஏழு இறுதிப்போட்டிகளில் தொடர்ந்து தோற்கடித்தார். ஏழாவது ஆட்டம் 5 மணி 53 நிமிடம் நடந்தது. அதன் பிறகு நடால் சும்மா இருந்தாரா? 2012 பிரெஞ்ச் ஓபன், 2013 அமெரிக்க ஓபன், 2014 பிரெஞ்ச் ஓபன் என மூன்று இறுதிப்போட்டிகளில் ஜோகோவிச்சைச் சாய்த்தார்.

அல்கராஸ் - சின்னர் இந்தத் தேர்வில் பாஸா?

இதுவரை பார்த்ததில் பாஸ் என்றே சொல்லலாம். பாரிஸில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களை விட்ட சின்னர், சரியாக 35 நாள் கழித்து விம்பிள்டன் இறுதிப்போட்டியில் அதே அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்றார். முந்தைய இரண்டு விம்பிள்டன் பட்டங்களும் அல்கராஸுக்குச் சொந்தம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து செப்டம்பரில் அமெரிக்க ஓபன். அல்கராஸ் நான்கு செட்களில் ஜெயித்து, நம்பர் 1 இடத்தையும் சின்னரிடமிருந்து பறித்தார். ஒரே சீசனில் இரண்டு வீரர்கள் மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டிகளில் மோதியது, 1968-ல் தொடங்கிய ஓபன் காலத்தில் ஆண்கள் டென்னிஸில் இதுவே முதல் முறை. தோல்விக்குப் பிறகு, தன் ஆட்டம் எதிராளி எளிதாகக் கணிக்கும்படி இருந்தது என்று சின்னரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை மாற்றப்போவதாகவும், அதற்காகச் சில தோல்விகள் வந்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். நவம்பரில் டூரினில் நடந்த ஏடிபி ஃபைனல்ஸில் அல்கராஸை நேர் செட்களில் வென்றார்.

இன்னொரு கணக்கு: 2024 ஆஸ்திரேலிய ஓபன் முதல் 2025 அமெரிக்க ஓபன் வரை நடந்த எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் சின்னருக்கு நான்கு, அல்கராஸுக்கு நான்கு. மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. 10-6 என்ற கணக்கு காட்டாத சமநிலையை இந்த 4-4 காட்டுகிறது.

குறையே இல்லையா?

இருக்கிறது. முதல் குறை, இது இருவர் ஆட்டம். ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூவரும் சேர்ந்து எடுத்தது 66 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். அங்கே ஒருவர் சறுக்கினால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரின் பலவீனத்தை இன்னொருவர் கண்டுபிடித்தால், மூன்றாமவரும் அதைப் பயன்படுத்தினார். இப்போது அந்த மூன்றாவது ஆள் யார்? 2025-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் அரையிறுதி வரை வந்தது இளைஞர் யாரும் இல்லை, 38 வயதைத் தொட்ட ஜோகோவிச்தான். பாரிஸிலும் விம்பிள்டனிலும் அவரை சின்னர் நிறுத்தினார், நியூயார்க்கில் அல்கராஸ் நிறுத்தினார்.

இரண்டாவது, ரசிகர்கள் இன்னும் சண்டை போடும் சின்னரின் ஊக்கமருந்து விவகாரம். 2024 மார்ச்சில் இரண்டு சோதனைகளில் அவர் உடலில் தடை செய்யப்பட்ட குளோஸ்டெபால் மிகச் சிறிய அளவில் இருந்தது தெரியவந்தது. பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்குப் போட்ட ஸ்பிரே, மசாஜ் வழியாக உடலில் சேர்ந்துவிட்டது என்ற விளக்கத்தை தனித் தீர்ப்பாயம் ஏற்று, அவர் மேல் தவறில்லை என்றது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு மேல்முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டு மூன்று மாதத் தடை வந்தது. அந்தத் தடைக் காலத்தில் ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் கோபம். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன என்பது ஆதரவாளர்களின் பதில். இரண்டுமே உண்மைதான்.

அப்போ, தீர்ப்பு என்ன?

16 ஆட்டங்களை 60 ஆட்டங்களோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வது அவசரம். நடாலும் ஜோகோவிச்சும் முதலில் மோதியது 2006-ல், கடைசியாக மோதியது 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில். அவ்வளவு வருஷம் தாங்குவதற்கு உடம்பும் ஒத்துழைக்க வேண்டும்.

அதுவரை, அடுத்த முறை இவர்கள் மோதும்போது ஸ்கோரை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தரை எது? புல்தரையில் இதுவரை நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தது சின்னர்தான், அல்கராஸ் இல்லை. இரண்டு, அல்கராஸின் டிராப் ஷாட்டுக்கு சின்னர் எவ்வளவு சீக்கிரம் ஓடி வருகிறார்? மூன்று, 30-30 வந்த பிறகு யார் துணிந்து அடிக்கிறார்? பாரிஸில் 193-ஐ 192 வென்றது அந்த மாதிரி நேரங்களில்தான்.