ராக்கெட் எங்கே விழும்? அயர்ன் டோம் போடும் கணக்கும், அதில் விடுபடும் ஊர்களும்

காஸாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பினால், இஸ்ரேலின் அயர்ன் டோம் உடனே அதைச் சுட்டு வீழ்த்தும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது முதலில் போடுவது ஒரு கணக்கு. இந்த ராக்கெட் எங்கே போய் விழும்? மக்கள் வசிக்கும் இடம் என்றால் சுடும். வெட்டவெளி என்றால் விட்டுவிடும்.

ஏன் விட வேண்டும்? எதிர் ஏவுகணை ஒன்றின் விலை சுமார் 40,000 முதல் 50,000 டாலர் வரை என்று மதிப்பிடப்படுகிறது. கையிருப்புக்கும் அளவு உண்டு. வருவதையெல்லாம் சுட்டால் கட்டுப்படியாகாது.

அது என்ன கணக்கு?

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்தோமே, அதே எறிபொருள் கணக்குதான். எரிபொருள் தீர்ந்த பிறகு, திசை மாற்றும் வசதி இல்லாத ராக்கெட்டும் வீசி எறிந்த கல்லும் ஒண்ணுதான். விநாடிக்கு 300 மீட்டர் வேகம், 45 டிகிரி சாய்வு என்றால் சுமார் 9.2 கி.மீ. தள்ளி விழும்.

ஆனால் இது காற்றே இல்லாத உலகத்துக் கணக்கு. நிஜத்தில் காற்றின் தடை பாதையை நன்றாகவே சுருக்கிவிடும். அதனால் ஒரே சூத்திரத்தில் விடை கிடைக்காது. கணினி, பாதையைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டபடி முன்னேற வேண்டும்.

தப்பாகப் போகாதா?

போகலாம். மேலே சொன்ன உதாரணத்தில் வேகத்தை 1 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால், விழும் இடம் சுமார் 185 மீட்டர் தள்ளிப்போகும். அதாவது ஒன்றிரண்டு தெரு. அதனால்தான் ரேடார் தொடர்ந்து அளக்கிறது. புது அளவீடு வர வர, பழைய கணிப்பு திருத்தப்படும். இதுபோன்ற வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது, 1960-ல் ரூடால்ஃப் கால்மன் வெளியிட்ட 'கால்மன் ஃபில்டர்' முறை.

ட்ரோன் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. அது வழியிலேயே திரும்பும், தாழ்வாகப் பறக்கும்.

வெட்டவெளி என்று யார் சொன்னது?

கணிதம் சொல்வது விழும் புள்ளியை மட்டும்தான். அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்பதை, முன்கூட்டியே குறித்து வைத்த வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

2014 ஜூலையில், நெகேவ் பாலைவனத்தில் பெதூயின் மக்கள் வாழும் பகுதியில் ராக்கெட் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். நெகேவில் அரசு அங்கீகாரம் இல்லாத பெதூயின் கிராமங்கள் பல உண்டு. அவை வெட்டவெளியாகவே கருதப்படுகின்றன என்று புகார் சொல்லி, மனித உரிமை அமைப்புகள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வரை போயின.

அடுத்த முறை 'ராக்கெட் வெட்டவெளியில் விழுந்தது' என்று செய்தி படித்தால், அந்த இடத்தை வெட்டவெளி என்று குறித்தது யார் என்றும் சேர்த்துக் கேட்கணும்.