ரூபாயும் ஏழையின் கூலியும்

டாக்டர் அம்பேத்கரை அரசியல் சட்ட நிபுணரென யாவரும் அறிவர். நாணய சாஸ்திர ஆராய்ச்சியாளரென அறிந்தோர் சிலரே. 1923-ல் லண்டனில் வெளியான ‘ரூபாயின் பிரச்னை’ என்னும் நூலில், தங்கப் பரிவர்த்தனை முறையைப் போற்றிய கீன்ஸின் கொள்கையை அவர் மறுத்தார். சர்க்கார் இஷ்டம்போல் ரூபாய் அடிக்க அம்முறை இடங்கொடுத்தது. நாணயம் பெருகினால் விலைவாசி ஏறும். கூலி அவ்வேகத்தில் ஏறாது. ரூபாயின் மதிப்புக் குறைவதால் ஏற்றுமதி வியாபாரி பெறும் லாபம் தொழிலாளியின் நஷ்டமே என்று ஸ்தாபித்தார். 1925-ல் ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சியமளித்து, ரூபாய் அடிப்பதை நிறுத்த வேண்டுமென வற்புறுத்தினார்.

2016-ல் ரிஸர்வ் பாங்குச் சட்டம் திருத்தப்பட்டு, விலைவாசி ஏற்றத்துக்கு நூற்றுக்கு 4 என இலக்கு வகுக்கப்பட்டது. அன்று அவர் கேட்ட வரம்பு வேறு வடிவில் வந்ததாகவே நாம் கருதுகிறோம். நாணய விவகாரம் நிபுணர்க்கே உரியதெனப் பொதுஜன ஊழியர் ஒதுங்கலாகாது. ஏழையின் கூலி அதில் அடங்கியுள்ளது.