உறையாத குருதியும் உப்பிய தமனியும்

இதயத்திலிருந்து குருதியைச் சுமந்துசெல்லும் பெருந்தமனியின் சுவர் நலிந்து உப்புவதே அனியூரிசம். வயிற்றுப் பகுதியில் அது ஆண்களுக்கு 5.5 செ.மீ. விட்டத்தை எட்டினால் பொதுவாகச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. குருதியை உறையவைக்கும் எட்டாம் காரணி என்னும் புரதம் பிறவியிலேயே குறைந்த ஹீமோஃபிலியா நோயாளிக்கு இது நேர்ந்தால், வெடித்தாலும் ஆபத்து, கத்தி வைத்தாலும் ஆபத்து. காரணி ஊசி வருவதற்கு முன் இந்நோயாளிகளில் பலர் முதுமையையே காணவில்லை என்பதால், இச்சிக்கல் ஒருவகையில் மருத்துவ வெற்றியின் விளைவு. 1990இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி கையாண்ட வழியில், தொடை இடுக்குத் தமனி ஊடாகத் துணியுறையிட்ட ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைச் செலுத்தினால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆயினும் எட்டாம் காரணியை முன்கூட்டியே இயல்பளவுக்கு அருகே உயர்த்தி, அது ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், காயம் ஆறும்வரை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். செலவு சிறிதன்று. மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றும் தேவையையே குறைக்கும் முயற்சியும் நடக்கிறது: வட தமிழகத்துப் பெரணமல்லூரின் கைத்தறி நெசவாளர் ஒருவர் ஆரணி வழியாகப் பேருந்தில் சென்றடையக்கூடிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிதான், கடும் ஹீமோஃபிலியா கொண்ட ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்து, கண்காணிப்புக் காலத்தில் இரத்தக்கசிவு நேரவில்லை என 2024 டிசம்பரில் அறிவித்தது. உயர்ந்த அறிவு இவ்வளவு அருகில் இருந்தும், தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் வயிற்றை ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்க்க ஏற்பாடில்லையெனில் பயனில்லை. அறுபத்தைந்தைக் கடந்த, புகைப்பழக்கமுள்ள ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கேனும் அந்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும்.