அறுகம்குடாவில் யாருக்கு அறுவடை?

மாதம் பிறந்தால் போதும், இத்தனை இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்து இறங்கிவிட்டார்கள் என்ற அறிவிப்பு கொழும்பிலிருந்து வந்துவிடுகிறது. அமைச்சர்கள் அதைப் பெருமிதத்தோடு வாசிக்கிறார்கள். பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போடுகின்றன. செய்தி மேசையில் இருந்த காலத்தில் நானும் இத்தகைய அறிவிப்புகளுக்குத் தலைப்பிட்டவன்தான். ஆகவே அந்தத் தொகைகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2018 இல் இலங்கைக்கு வந்தோர் 23 இலட்சத்து 33 ஆயிரத்துக்கு மேல். அந்த ஆண்டு இத்துறையின் வருமானம் ஏறத்தாழ 438 கோடி டொலர். 2024 இல் வந்தோர் 20 இலட்சத்து 53 ஆயிரத்துக்கு மேல். வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர். தலைகளில் 88 வீதம் திரும்பி வந்திருக்கின்றன. பணத்தில் 72 வீதந்தான் திரும்பியிருக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். நமது அரசோ ஆட்களை மட்டும் அளக்கிறது.

வந்து சேர்ந்த அந்தப் பணந்தானும் எவர் கைக்குப் போகிறது? கடற்கரையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவருக்கா, ஐந்து அறைகளை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கா, வேறெவருக்காவதா? இந்தக் கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை. பதில் தேடுவோர் அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் பொத்துவிலுக்குப் போக வேண்டும். 2021 இல் பொலிகண்டி வரை நடந்த பேரணியினால் உலகத் தமிழர் எல்லோருக்கும் பழக்கமான பெயர் இது. அந்தப் பொத்துவிலை அடுத்த உல்லைக் கிராமத்தைத்தான் வெளிநாட்டார் அறுகம்குடா என்று அறிந்திருக்கிறார்கள்.

அறுகம்குடாவைக் கண்டுபிடித்து வளர்த்தது எந்த அமைச்சும் அல்ல. எழுபதுகளில் அலைச்சறுக்கு விளையாட வந்த இளைஞர்கள் கிடுகுக் கொட்டில்களில் படுத்தார்கள். மீனவர் வீடுகளில் சோறும் மீன்குழம்பும் வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் ஓர் அறையை இரண்டாக்கினார், பின்னர் நான்காக்கினார். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அருகருகே இப்படித்தான் பிழைத்தார்கள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை பருவம். மிச்ச மாதங்களில் கடலும் வயலும். யுத்த காலத்தில் வருவோர் தொகை அருகியபோதும் இந்த ஏற்பாடு முற்றாக அழிந்துவிடவில்லை. இதற்குப் பெருமுதல் தேவைப்படவில்லை என்பதே அதன் பலமாக இருந்தது.

2004 டிசம்பர் 26 இல் கடற்கோள் வந்தது. அதைவிடக் கொடிய ஒன்று 2005 இல் கடுதாசியில் வந்தது. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் எவரும் மீளக் குடியேறக் கூடாது என்றார்கள். மீனவரின் குடிசை ஆபத்தானது. ஹோட்டலுக்கு மட்டும் விதிவிலக்கு. அலை எதைப் பார்த்து வரும், எதைப் பார்த்துத் திரும்பும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்! கனடியப் பத்திரிகையாளர் நயோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட நூலில், பேரிடரைச் சாக்காக வைத்து ஏழைகளின் கடற்கரையைப் பறிக்கும் தந்திரத்துக்கு உதாரணமாக அறுகம்குடாவை எடுத்து ஓர் அத்தியாயமே எழுதினார். அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது உண்மை. ஆனால் தன் காலடி மண்ணில் தனக்கு உறுதியான பிடி கிடையாது என்ற அச்சம் சிறு வியாபாரியின் மனத்தை விட்டு அதன் பிறகு நீங்கவில்லை.

இங்கேதான் விடயத்தின் வேர் இருக்கிறது. கிழக்கின் கரையோரத்தில் பல குடும்பங்களிடம் காணி உறுதி இல்லை. சிலரிடம் அரச அனுமதிப்பத்திரம் உண்டு. சிலருடைய பத்திரங்கள் யுத்தத்திலும் கடற்கோளிலும் போய்விட்டன. சிலரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தோம் என்ற வாய்ச்சொல் மட்டுமே உண்டு. உறுதி இல்லாத காணிக்கு வங்கி கடன் கொடாது. கடனில்லாதவன் குளியலறையைத் திருத்தவோ குளிரூட்டி பூட்டவோ முடியாது. இந்த நிலையில் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் வந்தன. கிழக்கின் பருவம் தொடங்கும் நேரம் அது. 2020 இல் கொவிட். 2022 இல் எரிபொருள் வரிசை. பருவம் என்ற ஒன்றையே நம்பி வாழும் ஊருக்கு அடுத்தடுத்து இத்தனை பருவங்கள் பொய்த்தால் என்ன ஆகும்? வட்டிக்கு வாங்கியதும் நகை அடகு வைத்ததுந்தான் மிஞ்சும்.

அப்போது ஒருவர் வருகிறார். உங்கள் இடத்தை மூன்று வருடத்துக்கு, ஐந்து வருடத்துக்கு எனக்குத் தாருங்கள், குத்தகைப் பணம் முழுவதையும் இன்றே தருகிறேன் என்கிறார். கழுத்துவரை கடனில் நிற்பவன் வேறென்ன செய்வான்? கையெழுத்து வைக்கிறான். அடுத்த பருவத்தில் அவனுடைய சொந்த வளவில் வேறொருவரின் பெயர்ப்பலகை நிற்கிறது. பல இடங்களில் அந்தப் பலகை தமிழிலோ சிங்களத்திலோ அல்ல, எபிரேய மொழியில்.

இனி அந்தப் புதிய வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பயணி புறப்படுமுன்பே தன் மொழியில் இயங்கும் முகநூல், வட்ஸ்அப் குழுக்களில் தங்குமிடத்தைப் பேசி முடித்துவிடுகிறார். விடுதி நடத்துபவர் அவர் நாட்டவர். காலைச் சாப்பாட்டுக் கடையும் அவர் நாட்டவருடையது. அலைச்சறுக்குப் பழக்குபவரும் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுபவரும் அவ்வாறே. பணம் கைத்தொலைபேசியால் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுகிறது. இரண்டு கணக்குகளும் கடலுக்கு அப்பால் இருக்கலாம். பயணி பொத்துவிலில் பத்து நாள் தங்குகிறார்; அவருடைய பணம் பொத்துவிலுக்கு வராமலே போய்விடுகிறது. ஆனால் கொழும்பின் கணக்கில் அவரும் ஒரு தலை. ஊருக்கு மிஞ்சுவது படுக்கை விரிப்புத் துவைக்கும் கூலியும், குப்பையும், ஏறிய மீன் விலையுந்தான்.

குத்தகைக்குக் கொடாமல் தானே நடத்துபவனின் பாடு மட்டும் இலேசானதா? அவனும் இணையத் தளங்களுக்கூடாகவே ஆள் பிடிக்க வேண்டும். அறை வாடகை 10,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்குப் பதினைந்து வீதக் கழிவில் 1,500 ரூபா முதலிலேயே போய்விடும். மீதியில் மின்கட்டணம், சம்பளம், வரி. பக்கத்து வளவில் இருப்பவருக்கு வரியும் இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. சமனான போட்டி என்று இதைச் சொல்பவரோடு பேசிப் பயனில்லை.

காஸாவில் நிகழ்ந்த அழிவைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த பொத்துவில் மக்களுக்கு இஸ்ரேலியர் மீது எழுந்த கோபம் எவருக்கும் விளங்கக் கூடியது. ஆனால் இந்தப் பிரச்சினையை இஸ்ரேலியர் பிரச்சினை என்று மட்டும் பேசுவோர், தெரிந்தோ தெரியாமலோ, அதிகாரிகளைத் தப்ப வைக்கிறார்கள். தெற்கே உனவட்டுனவைப் பாருங்கள். அங்கே இதே முறைப்பாடு ரஷ்யர்களைப் பற்றியது. 2024 பெப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஒரு களியாட்டம் அங்கே விளம்பரப்படுத்தப்பட்டு, நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் கைவிடப்பட்டது. சொந்த ஊர்க் கடற்கரையில் ஊரவன் நுழையக் கூடாதாம்! அதற்குப் பிறகுதான் உல்லாசப் பயண விசாவில் இருந்துகொண்டு வியாபாரம் செய்யக் கூடாது என்பது கொழும்புக்கு ஞாபகம் வந்தது. நாட்டவர் மாறுகிறார்கள், நடப்பது ஒன்றே.

வெளிநாட்டவரை வரவேண்டாம் என்று சொல்வது என் வாதமன்று. உரிய விசாவோடு, கம்பனி பதிந்து, வரி கட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி சம்பளம் கொடுத்து நடத்துபவர்களும் அந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்களால் ஊருக்கு நன்மையே. என் கேள்வி சட்டத்தைப் பற்றியது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது, குத்தகைக்கு எடுக்க அனுமதிக்கிறது. உல்லாசப் பயண விசாவில் வந்தவர் தொழில் பார்க்கக் கூடாது. அந்நியச் செலாவணி ஒழுங்குவிதிகளின்படி 50 இலட்சம் டொலருக்குக் குறைந்த முதலோடு வெளிநாட்டவர் சில்லறை வியாபாரத்தில் இறங்க முடியாது. கரையோர மீன்பிடியிலும் இறங்க முடியாது. உடுப்புக் கடைக்காரனையும் மீனவனையும் காப்பாற்றவென்றே எழுதப்பட்ட விதிகள் இவை. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உல்லையின் பிரதான வீதியில் ஒரு நாள் நடக்க எந்த அதிகாரிக்கு நேரமில்லை? ஆனால் ஊரவன் கடலோரம் ஒரு கொட்டில் போட்டால், சட்டவிரோதக் கட்டடம் என்ற அறிவித்தலை ஒட்டுவதற்கு மட்டும் கரையோரத் திணைக்களத்துக்கு வழி தெரியும்.

அரசுக்கு இதில் வாய் திறக்கத் தயக்கம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. அரசே ஊரவனோடு போட்டி போடும் வியாபாரியாக இருக்கிறது. காங்கேசன்துறையில் இராணுவத்தின் தல்செவன, கல்குடாவில் இராணுவத்தின் இன்னொரு விடுதி, திருகோணமலை மார்பிள் கடற்கரையில் விமானப்படை. சீருடைக்காரர் அறை வாடகைக்கு விடலாம் என்றால் விசாக்காரர் ஏன் விடக் கூடாது என்று எவராவது கேட்டால் அமைச்சர் என்ன பதில் சொல்வார்?

நம்மவர் பக்கமும் சுத்தமில்லை. இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்துக்கு வாயில் வந்த தொகையைக் கேட்டு, செயலி மூலம் அழைத்த ஓட்டோவை மறித்து விரட்டும் கூட்டம் எல்லாக் கடற்கரைகளிலும் இருக்கிறது. தனியே நடந்து போகும் வெளிநாட்டுப் பெண்ணைத் தொல்லைப்படுத்துவோரும் இருக்கிறார்கள். இவர்களால் வெறுத்துப்போன பயணி தன் மொழிக்காரரின் விடுதிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை. முற்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மறுநாள் அந்நியர் ஆக்கிரமிப்பு என்று கூட்டத்தில் முழங்கும் காணிச் சொந்தக்காரரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 ஒக்டோபர் 23 ஆம் திகதியை மட்டும் நினைவூட்டுகிறேன். அறுகம்குடாவின் பிரபல இடங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் நாட்டவரை உடனே வெளியேறச் சொன்னது. வீதியெங்கும் பொலிஸாரும் சோதனைச் சாவடிகளும். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. திரும்பும் விமானச் சீட்டு வைத்திருந்தவர்கள் போனார்கள். பருவத்தின் கடைசிக் கிழமைகளில் நாலு காசு பார்க்கலாம் என்று கோழியும் மாவும் கடனுக்கு வாங்கி வைத்திருந்த கொத்துரொட்டிக் கடைக்காரன் எங்கே போவான்? கலவரமோ கடற்கோளோ எச்சரிக்கையோ எதுவந்தாலும் அங்கேயே இருக்கப் போகிறவன் அவன்தான். அவனிடம் உறுதி இல்லை, காப்புறுதி இல்லை. அமைச்சின் அறிவிப்பில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை.

ஆணைக்குழு எதுவும் தேவையில்லை. கரையோரக் குடும்பங்களின் அனுமதிப்பத்திரங்களை வங்கி ஏற்கக்கூடிய உறுதிகளாக்கும் வேலையைப் பிரதேச செயலகத்தில் இருந்து தொடங்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் வியாபார அனுமதிப் பதிவேடு பிரதேச சபையிடம் இருக்கிறது. ஏப்ரல் மாதம் பருவம் தொடங்குமுன் அதைத் திறந்து, உல்லையில் இருக்கும் ஒவ்வொரு கடைக்கும் விடுதிக்கும் அனுமதி எவர் பெயரில் இருக்கிறது, நடத்துபவர் எவர், அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று மூன்று நிரலில் எழுதி, சபையின் வாசலில் ஒட்டட்டும். பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கலாம் என்பதைப் பிறகு பேசலாம்.