ஐந்து கடைக்கு ஒரே கையெழுத்து



பெயர் பெற்ற உணவுக்கடையின் பெயரிலேயே நாமும் கடை வைத்து நடத்துவதற்குப் பிரான்சைஸ் என்று பெயர். பலகை அவர்களுடையது, மசாலா அவர்களுடையது, முதல் நம்முடையது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகள் சிலருக்கும் இதில் ஆசை. ஆசைப்படட்டும். அப்பாவின் சேமநிதிப் பணம் உள்ளே போகும்போதுதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஒரு கடைக்கு ஒப்பந்தம் போடுவது ஒரு வகை. "வட்டாரம் முழுவதும் உங்களுக்கே, நான்கு ஆண்டுகளில் ஐந்து கடை திறக்க வேண்டும்" என்பது இன்னொரு வகை. கேட்கும்போது காது குளிரும். ஆனால் எந்தக் கடை எந்தத் தேதிக்குள் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கும். ஐந்துக்கும் சேர்த்து முன்பணத்தை முதலிலேயே வாங்கிக்கொள்வதும் உண்டு.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். இரண்டு கடை நன்றாக ஓடுகிறது. மூன்றாவதுக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்துக்கு நகராண்மைக் கழக லைசென்ஸ் தாமதம். பேங்குக் கடனும் இழுக்கிறது. தேதி போய்விட்டது. ராயல்டியில் ஒரு காசு பாக்கியில்லை, ஆனாலும் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். வட்டார உரிமை போகும். திறக்காத கடைகளுக்குக் கட்டிய முன்பணமும் பெரும்பாலும் திரும்பாது.

இதைவிடக் கொடிய வரி ஒன்று நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஓர் ஒப்பந்தத்தை மீறினால் மற்ற எல்லாவற்றையும் மீறியதாகக் கொள்ளப்படும் என்பதே அது. அந்த வரி இருந்தால், திறக்காத மூன்றாவது கடை, ஓடுகிற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். கடை போனாலும் வாடகை ஒப்பந்தம் போகாது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனையும் பேங்கு விடாது.

ஆகவே பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்புதான். "தேதி தவறினால் வட்டார உரிமை மட்டும் போகட்டும், திறந்த கடைகளைத் தொடக்கூடாது" என்று எழுதிக் கேளுங்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிடவே தடை இருந்ததே, அப்படிப்பட்ட காலத்துக்குத் தேதியைத் தள்ளிவைக்கவும் ஒரு வரி வேண்டும்.

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுப் பிரான்சைஸ் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. தகுந்த காரணமின்றி இடையில் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. மீறல் என்றால், சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தவணை கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். 14 நாளில் நிலுவைப் பணத்தைக் கட்டிவிடலாம். கடையைக் கட்ட முடியுமா? மேலும், திரும்பத் திரும்ப மீறினாலோ, கடையைக் கைவிட்டாலோ அந்தத் தவணையும் இல்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் 2 ஆண்டுகளுக்கு அதேபோன்ற தொழில் செய்வதில்லை என்று நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். சமையல் தெரிந்த கை சும்மா இருக்க வேண்டியதுதான்!

ஒப்பந்த நகலும் விவரப் பத்திரமும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே உங்கள் கைக்கு வரவேண்டும். அந்த 10 நாளில் அவர்களுடைய வக்கீலிடம் அல்ல, உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். போட்ட பிறகு மனம் மாறினாலும் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால், நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.